நான்கு நிமிட வெற்றி

காரோவே, ஓஹையோ
அக்டோபர் 21

அன்புள்ள தம்பி வெர்னுக்கு,

அண்ணன் ஆர்லோ எழுதுவது. நானும் உன் அக்கா லெட்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அவள் கேட்கச் சொன்னாள்.

நீ அவளுக்குப் போட்ட அட்டை நேற்று வந்தது. மூலையில் விடுதியின் பெயர் அச்சடித்திருந்ததால் இந்தக் கடிதம் உன்னைச் சேரும் என்று நம்புகிறேன். பேஸ்பால் ஆட்டம் முடிந்து பன்னிரண்டு நாளாகியும் நீ அந்த ஊரிலேயே இருப்பாய் என்று நாங்கள் நினைக்கவில்லை. அட்டையில் ஒரே ஒரு வரி. "நான் பந்த விட்டதக் கேட்டுத்தான் அப்பா செத்தாரா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லை. ஆனால் வெறும் இல்லையை நீ நம்பமாட்டாய். அப்பா அதிர்ச்சியில் போனார் என்று பக்கத்து ஊர்ப் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். நம் ஊரிலும் அதே பேச்சுத்தான். முடி வெட்டும் கஸ் தன் கடையில் உட்கார்ந்து, "மகன் பந்த விட்டான், அப்பன் உசுர விட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அடக்கத்தின்போது சவப்பெட்டியை முதலில் தூக்கியவனும் அவன்தான். அவனை என்ன செய்வது?

இறுதிச் சடங்குக்கு முந்தின நாள் யாரோ நம் வாசல் கதவில் ஒரு தகர வாளியை மாட்டிவிட்டு, "அடுத்த தடவை இதுல பிடி" என்று சுண்ணாம்பால் எழுதியிருந்தார்கள். லெட்டி அதைக் கழுவி, கோழித் தீனி போட வைத்துக்கொண்டாள். பழைய வாளி ஓட்டையாகி ரொம்ப நாளாகிறது, இது நல்ல கனமான தகரம் என்றாள். சாம்பல் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. மற்றபடி வீட்டில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆட்ட நாளன்று என்ன நடந்தது என்று இனி எழுதுகிறேன்.

எங்கள் பத்திரிகை அலுவலகத்தின் முன்னால் கட்டும் ஆட்டப் பலகையை நீ சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். அதன் பின்புறம் நீ பார்த்ததில்லை. ஒரு மேசை, ஒரு தந்திக் கருவி, நான். மைதானத்தில் நடப்பதை அங்கே ஒருவர் தட்டுவார். நான் கேட்டு எழுதி, பலகை விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஓட்டிஸிடம் சத்தமாகச் சொல்வேன். அவன் விளக்கைப் போடுவான். பலகையில் எந்த விளக்கு எரிகிறதோ அதுதான் சதுக்கத்தில் நிற்கிற இரண்டாயிரம் பேருக்கும் ஆட்டம். அவர்கள் போடுகிற சத்தம் இரண்டு தெரு தள்ளி, நம் வீட்டு மாடி அறை வரை கேட்கும்.

அப்பா அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தொடரின் ஏழு ஆட்டத்தையும் கேட்டார். சளி நெஞ்சில் இறங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. இந்த மாதம் தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உனக்கு எழுதக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியவர் அப்பா. "அவனுக்கு ஆட்டம் இருக்கு. எனக்கு இருமல்தான இருக்கு" என்றார். தொடர் முடிகிறவரை தலையிலிருந்து தொப்பியைக் கழற்றுவதில்லை என்று வேறு பிடிவாதம். கழற்றினால் உன் அணிக்கு ஆகாதாம். தூங்கும்போதும் அந்தப் பழுப்புத் தொப்பிதான். குளிரில் ஜன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, தொப்பியோடு படுத்துக் கிடக்கிறவரை டாக்டர் ஒருமுறை பார்த்தார், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏழாவது ஆட்டம், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ். நாம் மூன்று, அவர்கள் இரண்டு. அவர்களில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் போனால் தொடர் நமக்கு. இரண்டு பேர் ஓடக் காத்திருக்கிறார்கள். இதெல்லாம் உனக்கே தெரியும். தந்தி தட்டிக்கொண்டே வந்தது. பந்து உயரப் போகிறது. வலது பக்கம். வெர்ன் அடியில் வந்து நிற்கிறான்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இருபது வருடம் தந்தி கேட்டவனுக்குப் பாதி வாக்கியம் போதும், மீதியைக் கை தானாக எழுதிவிடும். தப்பாகாத இடத்தில்தான் அப்படிச் செய்வோம். வானிலை, சந்தை நிலவரம், ரயில் நேரம் மாதிரி. வெர்ன் அடியில் நிற்கிறான் என்று கேட்டதும், பிடித்தான் என்று நான் எழுதிவிட்டேன். எழுதியதைக் கத்தியும்விட்டேன். ஓட்டிஸ் விளக்கைப் போட்டான். சதுக்கமே எழும்பிக் குதித்தது. தேவாலய மணியை யாரோ இழுத்தார்கள், ஆலைச் சங்கு ஊதிற்று.

அப்புறம்தான் தந்தி தன் வாக்கியத்தை முடித்தது. விட்டான். ஒருவர் வந்தார். மற்றவரும் வந்தார். அவர்கள் நான்கு, நாம் மூன்று. ஆட்டம் முடிந்தது.

இதுவரை நடந்தது பிழை. இதற்குப் பிறகு நடந்தது பிழை இல்லை. நான் எழுந்து ஓட்டிஸிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. வந்த நேரத்தை ஒவ்வொரு தாளிலும் குறிப்பது எங்கள் வழக்கம். 3.52 என்று குறித்தேன். பென்சிலை வைத்தேன். சுவரில் கடிகாரம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்காகச் செய்தேனா, அப்பாவுக்காகவா, எனக்காகவா என்று கேட்டால் தெரியாது. கை எழவில்லை, அவ்வளவுதான். 3.56க்கு, அந்த நேரத்தையும் அதே தாளில் குறித்துவிட்டு, ஓட்டிஸிடம் போனேன். அவன் விளக்கை மாற்றினான். இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசாமல் போவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பிறகு ஏச ஆரம்பித்தார்கள்.

வீட்டில் நடந்ததை லெட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் ஆரவாரமும் சங்கும் கேட்டபோது அப்பா எழுந்து உட்கார்ந்தாராம். பத்து நாளாகத் தானாக எழுந்து உட்காராதவர். யாரிடம் பந்து போனது என்று கேட்டிருக்கிறார். லெட்டிக்கு எப்படித் தெரியும்? கீழே தெருவில் ஓடியவர்கள் உன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். "நம்ம வெர்ன்தாம்பா பிடிச்சான்" என்று சொல்லியிருக்கிறாள். "பின்ன, அவனா விடுவான்?" என்று சொல்லி அப்பா தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் அதை ஆணியில் மாட்டினாள்.

அதற்குள் வெளியே சத்தம் அடங்கியது. லெட்டி புரிந்துகொண்டுவிட்டாள். ஏச்சு கிளம்புவதற்குள் போய் ஜன்னலைச் சாத்தினாள். ஏன் சாத்துகிறாய் என்று அப்பா கேட்டார். "ஆட்டந்தான் முடிஞ்சிருச்சேப்பா, குளிருது" என்றாள். அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கு சூப் ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தார். உனக்கு ஆறு வயதில் ஆப்பிள் மரத்தடியில் பந்து பிடிக்கப் பழக்கியதை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நீ ஒன்றைக்கூடக் கீழே விட்டதில்லை என்றார். அது பொய், நீ நிறைய விட்டாய். நான் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் காலை காபி கொண்டுபோனபோது போயிருந்தார். முகத்தில் எந்தச் சிரமமும் இல்லை. வெறுந்தலையோடுதான் அடக்கம் செய்தோம்.

ஆகவே அவர் கேட்டது நீ விட்ட பந்தை அல்ல. பிடித்த பந்தை.

எங்கள் பத்திரிகை ஆசிரியர் பென்ஹாலோ தந்திக் கோளாறு என்று போட்டுவிட்டார். "கம்பி மேல போடுவோம், அதுக்கென்ன வாயா இருக்கு" என்றார். நானும் பேசாமல் இருந்தேன். ஆனால் மைதானத்தில் அன்று தட்டியவனை அவன் மேலதிகாரிகள் கூப்பிட்டு விசாரிப்பதாகப் போன வாரம் தெரியவந்தது. அவன் யாரென்று எனக்குத் தெரியாது, தட்டும் கை மட்டும் தெரியும், சுத்தமான கை. வெள்ளிக்கிழமை அந்தத் தாளை எடுத்துப்போய் ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் 3.52ஐயும் 3.56ஐயும் வெகுநேரம் பார்த்தார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். இப்போது ஊருக்கு உன்னை விட என் மேல்தான் கோபம். நேற்று கஸ் எனக்கு முடி வெட்ட மாட்டேன் என்றுவிட்டான். உன்னைப் பற்றிய அந்தப் பேச்சையும் விட்டுவிட்டான்.

துக்கம் வரும் என்று காத்திருக்கிறேன் வெர்ன். வரவில்லை. பல் பிடுங்கின இடம் மாதிரி மரத்துக் கிடக்கிறது. வேலை போனதும் உறைக்கவில்லை. காலையில் எழுந்து விறகு பிளக்கிறேன், தேவைக்கு மேல் பிளந்து அடுக்கியாகிவிட்டது. உன் அட்டையைப் படித்தபோது மட்டும் எங்கோ கொஞ்சம் வலித்தது.

வெயில் நேராகக் கண்ணில் விழுந்தது என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. எனக்கு நீ காரணம் சொல்ல வேண்டாம். லெட்டியும் கேட்கமாட்டாள். அப்பாவின் தொப்பி ஆணியிலேயே இருக்கிறது. நான் போட்டுப் பார்த்தேன், எனக்குச் சின்னது. உன் தலைக்குச் சரியாக இருக்கும்.

வண்டி சாயங்காலம் ஐந்து பத்துக்கு வருகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வியாழக்கிழமை கிடைக்கும், சனிக்கிழமை நீ இங்கே இருக்கலாம். தந்தி முழுதும் கேட்காமல் இனி ஒரு வார்த்தை எழுதுவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் விஷயத்தில் மட்டும் அந்தப் பழக்கம் போகவில்லை. சனிக்கிழமைக்கு மூன்று பேருக்குச் சமைக்கச் சொல்லிவிட்டேன்.

கடவுள் உன்னோடு இருக்கட்டும்.

உன் அண்ணன்,
ஆர்லோ