பச்சையாகத் தெரிந்த விடை

ஒரகடம்
14.7.2013

அன்புள்ள அம்மாவுக்கு மாரிசெல்வம் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையைத் தவறாமல் போடுகிறாரா?

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இணையத்தில் பாதுகாப்புப் பாடம் தயாரித்தேன் என்று பெருமையாகச் சொன்னேனே, அதில் ஒரு தப்பு செய்துவிட்டேன். பாடத்தின் முடிவில் வரும் தேர்வில் தோற்கும் காண்ட்ராக்ட் ஆட்களை அன்றே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் ஊர்ப் பையன்கள் பிழைக்கட்டும் என்று, தப்பாக அழுத்தினால் சரியான விடை பச்சையாகத் தெரியும், அதை அழுத்தினால் முழு மதிப்பெண் என்று வைத்தேன். பிறகு பாடத்தை யாரும் படிக்கவில்லை. கம்பெனியும் மெஷினை எப்படி ஓட்டுவது என்று ஒருமுறைகூடச் சொல்லித் தரவில்லை.

அன்னக்கிளி அத்தை மகன் பேச்சிராஜுக்கு தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வலதுகை விரல் நுனி நசுங்கிவிட்டது. பயப்படாதே, ஆறிவருகிறது. ஆனால் தப்பு அவனுடையது என்று வேலையை விட்டு அனுப்பப் பார்க்கிறார்கள். “நூத்துக்கு நூறு வாங்கிகீறான். தெரிஞ்சே கைய வுட்டா நாங்க இன்னா பண்றது?” என்கிறார் சூப்பர்வைசர் பாண்டுரங்கன். அந்த நூறைப் போட்டது நான்.

“பச்சையாத் தெரிஞ்சத அமுக்குனேன். மெஷின்ல ஒண்ணும் பச்சையாத் தெரியலையே மக்கா” என்று அவன் சிரிக்கிறான்.

நாளை விசாரணை. அந்த மதிப்பெண் பொய் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். அவனுக்கு அடிபட்டது அத்தைக்கு இன்னும் தெரியாது, நீயும் சொல்லாதே.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. துண்டுகளைச் சின்னதாக நறுக்கு, அவன் இடது கையால் ஸ்பூனில் சாப்பிடுகிறான். இதே முகவரிக்கு அனுப்பு. என் வேலை போனாலும், அவன் கை ஆறும்வரை அவனோடு இந்த அறையில்தான் இருப்பேன்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

மாரி