கிளாரினெட் ரத்தினத்துக்கு ஒரு மங்களம்

ராஜபாளையம்
6-1-2025

அன்பு மகள் ஈஸ்வரிக்கு அப்பா சோலைச்சாமி எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். உன் சுகமும் வயிற்றுப் பிள்ளை சுகமும் அறிய ஆவல்.

பதினோரு கிலோமீட்டருக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உங்கள் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். அதோடு, நான் கொஞ்சம் சூடானால் நீ "சிக்னல் இல்லப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு சிக்னல் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் எழுத்து, பிழையைப் பொறுத்துக்கொள்.

கிளாரினெட் ரத்தினம் அண்ணன் வெள்ளிக்கிழமை தவறிவிட்டார். மில் ஷிப்ட் முடிந்து, அவர் பேண்டு செட் வாசிக்கிற கல்யாணத்துக்கெல்லாம் பத்திரிகை இல்லாமலே சைக்கிளில் போய் நின்ற எங்கள் கூட்டம் முழுக்க வந்திருந்தது. ஐயாதுரை வாய்விட்டு அழுதான். என் இடது காதை மில்லு இரைச்சல் எப்போதோ தின்றுவிட்டது உனக்குத் தெரியும். ஒற்றைக் காதில் கேட்டே இம்புட்டுப் பைத்தியம். இரண்டும் கேட்டிருந்தால் உன் அம்மா என்னை அன்றைக்கே விரட்டியிருப்பாள்.

அழுது முடித்து டீக்கடைக்கு வந்தால், எதிரே சுவரில் போஸ்டர். 'இசை இமயம் ரத்தினம் புகழஞ்சலிக் கூட்டம். 19-ஆம் தேதி, ஸ்ரீவில்லிபுத்தூர். தலைமை: ரசிகர் திலகம் சுந்தரபாண்டியன்.' சாட்சாத் உன் மாமனார். செத்தவர் படம் தபால்தலை அளவு, உன் மாமனார் படம் ஆள் உயரம். வார்டு தேர்தல் வருகிறதாம்.

யார் ரசிகர்? உன் கல்யாணத்தில், அவர் மண்டபத்தில், ரத்தினம் அண்ணன் பாதிப் பாட்டில் இருக்கும்போது, "பீப்பிச் சத்தம் போதும்யா, டி.ஜே. வந்தாச்சு" என்று தன் கையாலேயே மைக் பிளக்கைப் பிடுங்கின மனுசன். அண்ணன் கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். சாப்பிடாமலே இறங்கினார். பஸ் ஏற்றிவிடப் போனவனிடம், "சோலை, மங்களம் வாசிக்கலைலே. கச்சேரி இன்னும் முடியல, பாத்துக்க" என்றார். அதற்குப் பிறகு அவர் மேடையே ஏறவில்லை.

அவர் மங்களம் வாசிக்கிறவரை ஒரு ஆள் அசையாது. வாசித்துவிட்டால் ஒரு ஆள் உட்காராது. சின்னப் பிள்ளையில் என் தோளில் உட்கார்ந்து நீயே பார்த்திருக்கிறாய்.

பெண்ணைக் கொடுத்தவன் என்று அன்றைக்குப் பல்லைக் கடித்தேன். இந்தப் பத்தொன்பதாம் தேதி கடிக்கப் போவதில்லை. அதே மண்டபத்தில், அதே மைக்கில், "ரசிகர் திலகமே, அந்தப் பிளக்கு எங்கே?" என்று கேட்கப் போகிறேன். ஊர் சிரிக்கட்டும்.

அம்மா தோசைப்பொடி அனுப்பியிருக்கிறாள்.

உன் அப்பா,
சோலைச்சாமி

ஸ்ரீவில்லிபுத்தூர்
10-1-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை மொட்டை மாடியில் துணி காயப் போடுகிற சாக்கில் படித்தேன். ரத்தினம் பெரியப்பா போனதுக்கு நான் எங்கே போய் அழுவது? இங்கே கண்ணைத் துடைத்தாலே, "பீப்பிக்காரனுக்கு மாலைமாலையா ஊத்துதாளே" என்று மாமா கேலி பண்ணுகிறார். அவரே கூட்டத்துக்கு அழுகிற மாதிரி பேசிப் பழகுகிறார், கண்ணாடி முன்னால் நின்று.

எனக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் நீங்கள் வராதீர்கள் அப்பா.

தை கடைசி வெள்ளி வளைகாப்பு என்று அத்தை சொல்லிவிட்டார்கள். மாமா நேற்றுச் சாப்பாட்டில் வைத்து, "உங்க அப்பன் கூட்டத்துல வந்து வாயத் தொறந்தாரு, வளைகாப்பும் கெடையாது, பொறந்த வீட்டுப் பிரசவமும் கெடையாது. இங்கனதான் கெடக்கணும்" என்றார். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உங்கள் மருமகன் வல்லரசுக்குப் பேரில் இருக்கிற வல்லமை அவர் அப்பா முன்னால் வராது, என்ன செய்ய?

எனக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். வலி வரும்போது இந்த வீட்டில் யார் கையைப் பிடிப்பேன்? என் மேல் சத்தியமாக வர மாட்டேன் என்று எழுதுங்கள்.

இன்னொன்று. கூட்டத்தில் நான்தான் இறைவணக்கம் பாட வேண்டுமாம். மருமகள் பாடினால் குடும்பத்துக்கு மதிப்பாம்.

பால்கோவா அனுப்பியிருக்கிறேன். சர்க்கரை இருக்கிற ஆள் ஒரு துண்டுக்கு மேல் தொடக் கூடாது.

உங்கள் மகள்,
ஈஸ்வரி

ராஜபாளையம்
13-1-2025

அன்பு மகளுக்கு,

பால்கோவா ஒரு துண்டுதான் தின்றேன். துண்டு கொஞ்சம் பெரிசு.

சத்தியம் பண்ணிவிட்டேன் ஆத்தா. வர மாட்டேன். எழுதும்போது பேனா நாலு இடத்தில் பேப்பரைக் கிழித்துவிட்டது, பார்த்திருப்பாய். என் பழியைவிட உன் பிரசவம் பெரிசு. ஆனால் பழி ஒன்றும் சின்னதில்லை.

என்னென்ன யோசித்து வைத்திருந்தேன் தெரியுமா? உன் மாமனார் பேசும்போது எங்கள் கூட்டம் நாற்பது பேரும் பல் செட்டைக் கழற்றிக் காட்டுவது என்று ஒரு திட்டம். பாதிப் பேருக்குத்தான் செட்டு இருந்தது. அவர் மண்டபத்து ஃபியூஸைப் பிடுங்குவது என்று இன்னொன்று. எனக்கு ஷாக் அடித்தால் அவருக்கு இன்னொரு புகழஞ்சலி நடத்த வாய்ப்பு. விட்டுவிட்டேன்.

ஐயாதுரையும் மற்றவர்களும் போகிறார்கள். வாய் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "பொறவு என்னத்துக்குப் போறோம், கொட்டாவி விடவா?" என்று என்னைத்தான் ஏசினான்.

ஒரே ஒரு காரியம் உன் மாமனாரிடம் சொல். கடைசியில் யாரையாவது மங்களம் வாசிக்கச் சொல்லட்டும். அந்த மண்டபத்தில் அது பாக்கி நிற்கிறது. அதைக்கூடச் செய்யாவிட்டால், அந்த ஆள் கட்டை வேகாது என்று அப்பா சாபம் விட்டதாக வைத்துக்கொள்.

நாளைக்குப் பொங்கல். கரும்பும் கிழங்கும் பஸ்ஸில் வரும்.

அப்பா,
சோலைச்சாமி

ஸ்ரீவில்லிபுத்தூர்
20-1-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஐயாதுரை மாமா சொல்லியிருப்பார். என் கையால் எழுதினால்தான் எனக்கு ஆறும்.

மங்களத்தைப் பற்றி மாமாவிடம் கேட்டேன். "அதெல்லாம் யாருட்டி கேக்கப் போறா? நான் பேசுததுதான் கடைசி" என்றார்.

இறைவணக்கம் பாடிவிட்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்தேன். மைக் என் கையிலேயே இருந்தது, மாமாவுக்கு நடுவில் தனி மைக். உங்கள் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு, நீங்கள் சொன்னபடியே வாயை மூடி இருந்தார்கள். மாமா கண்ணைத் துடைத்தார். "என் மகன் கல்யாணத்துல ரத்தினம் இதே எடத்துல வாசிச்சாரு. நான் கடைசிவரைக்கும் கண்ண மூடிக் கேட்டேன்" என்றார்.

கடைசிவரைக்கும் என்றார் அப்பா.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, பெரியப்பா வாசிக்கிற மெட்டிலேயே மங்களம் பாடினேன். முதல் அடி முடியுமுன்னே ஐயாதுரை மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அப்புறம் நாற்காலி நகர்கிற சத்தம்தான். முன்வரிசைக் கட்சிக்காரர்கள்கூட எழுந்துவிட்டார்கள். நான் முடித்துக் கும்பிட்டபோது பாதி மண்டபம் காலி. மாமா, "உக்காருங்கய்யா, இன்னும் பேசி முடிக்கல" என்று மைக்கில் கத்துகிறார். ஒருத்தர் திரும்பவில்லை. அவர் பின்னால் இருந்த ஆள் உயரப் படம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

பெரியப்பா கச்சேரி முடிந்துவிட்டது அப்பா.

வீட்டுக்கு வந்து மாமா ஆடின ஆட்டம் தெருவே கேட்டது. "மங்களம்தானே பாடுனா, ஒப்பாரியா வச்சா?" என்று அத்தை ஒரே வார்த்தை. அதுக்கு மாமா என்ன சொன்னார் தெரியுமா? "இங்க வளைகாப்பு கெடையாது. பெட்டியத் தூக்கிட்டு அப்பன் வீட்டுக்குப் போயிரு. பேறுகாலம் முடியுற வரைக்கும் என் கண்ணுல முழிக்காத!"

நான் கேட்டதே அதுதானே? சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன். அழுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

வியாழக்கிழமை இவரே கொண்டுவந்து விடுகிறார். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அவர் அப்பாவிடம் சொன்னார்.

உங்கள் ஈஸ்வரி

ராஜபாளையம்
21-1-2025

என் தங்கத்துக்கு,

இந்தக் கடிதம் வருமுன்னே நீயே வந்துவிடுவாய். ஆனாலும் எழுதாமல் கை நிற்கவில்லை.

வளைகாப்பு நம் வீட்டில். ரத்தினம் அண்ணன் செட்டில் மிச்சம் இருக்கிற ஆட்கள் வாசிக்கிறார்கள். உன் மாமனாருக்கும் தாம்பூலம் வைத்து அழைப்பேன், முறை தவற மாட்டேன். முதல் வரிசையில் நாற்காலி. மைக் பிளக்குப் பக்கத்தில் மட்டும் நான் உட்கார்ந்துகொள்வேன்.

இன்று காலையில் போன் பண்ணினார். "பொண்ண வளத்தா இப்படியா வளக்கது?" என்று ஆரம்பித்தார். நான் போனை மெதுவாக இடது காதுக்கு மாற்றிக்கொண்டேன். அம்மா போட்ட காபி முழுக்கக் குடித்தேன். பிறகு வலது காதில் வைத்து, "சம்பந்தி, முடிஞ்சுதா?" என்றேன்.

"முடியலய்யா!" என்று கத்தினார்.

"சரிங்க" என்று மறுபடியும் இடது காதுக்கே கொடுத்துவிட்டேன்.

உன் அப்பா,
சோலைச்சாமி