மூன்றாவது கொட்டேஷன்

22-1-96, திங்கள்

கணிதத் துறைக்கு மென்பொருள் வாங்கப் போகிறார்கள். எது நல்லதென்று பார்த்துச் சொல்லும் வேலை தற்காலிக விரிவுரையாளரான என் தலையில். துறைத்தலைவர் வெங்கடபதி சார்தான் என் ஆய்வு வழிகாட்டியும். "கம்ப்யூட்டர்னா உனக்குத்தான் ஆசை, அம்மணி. நீயே பாத்துப்போடு" என்றார். ஆசையாம். ஒரே கணக்கை நாற்பத்தொரு பக்கம் கையால் விரித்து எழுதியவளுக்கு ஆசை இராதா?

விதிப்படி மூன்று கொட்டேஷன் வேண்டும். அமெரிக்காவில் செய்தது ஒன்று, கனடாவில் செய்தது ஒன்று. இரண்டும் நான் கையால் போடும் கணக்கை அப்படியே போட வல்லவை. மூன்றாவதுக்கு ஆளில்லை. உள்ளூரில், ஆர்.எஸ்.புரத்தில் யாரோ எழுதியது ஒன்று இருந்தது, வரைபடம் மட்டும் போடும். எண்ணிக்கைக்குச் சேர்த்தேன்.

30-1-96, செவ்வாய்

விற்பனையாளர் அப்துல் வஹீது வந்து முதல் இரண்டையும் ஓட்டிக் காட்டினார். "உங்க கணக்கு ஏதாச்சும் குடுங்க மேடம், போட்டுப் பாக்கலாமுங்க" என்றார். பெருமையாக என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைக் கொடுத்தேன். என் விடை 7/48.

அமெரிக்கா நாலே நிமிடத்தில் 5/48 என்றது. கனடாவும் 5/48.

"நாந்தான் தப்பா அடிச்சுப்போட்டேனுங்க" என்று வஹீது திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். பாவம்.

31-1-96

பக்கம் 23. அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும்போது ஒரு கழித்தல் குறியை விட்டிருக்கிறேன். நானேதான்.

2-2-96, வெள்ளி

சாரிடம் சொன்னேன். போன வருடம் கட்டுரையாக வெளிவந்தது அந்த 7/48தான். அவர் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். 23-ஆம் பக்கத்தை நீட்டினேன். வாங்கக்கூட இல்லை.

"ரெண்டு மிசினும் தப்பாப் போடுதுன்னு எழுதிக் குடுத்துப்போடு, அம்மணி."

"ரெண்டும் ஒரே விடையச் சொல்லுதுங்க சார்."

"ஒரே தப்பச் சொல்லுது. இப்பத் திருத்துனா மார்ச்சுல ஆய்வேடு குடுக்க முடியாது. வேலை பர்மனென்ட் ஆகாது. உனக்காகத்தான் சொல்றேன்."

எனக்காகவாம்! அவரு பேரக் காப்பாத்திக்க என் சோத்தக் காட்டிப் பயமுறுத்தறாரு. சொன்னதுல பொய்யும் இல்லையே — அதுதான் பத்திக்கிட்டு வருது.

4-2-96, ஞாயிறு

ஊருக்கு, கருமத்தம்பட்டி போனேன். கோயில் வாசலில் அம்மா யாரிடமோ, "எம்புள்ள டாக்டர் ஆகப் போறாளுங்க" என்றாள். "ஊசி போடறதுங்களா?" "இல்லீங்க, கணக்கு டாக்டருங்க." அடுத்தவர் தோட்டத்தில் முப்பது வருடம் களை வெட்டியவள். அவளிடம் கழித்தல் குறியைப் பற்றி என்ன சொல்ல?

6-2-96

எழுதிக் கொடுத்துவிட்டேன். 'முதல் இரண்டும் சோதனையில் தவறான விடை தந்தன. மூன்றாவதைப் பரிந்துரைக்கிறேன்.' கையெழுத்துப் போடச் சார் தன் பேனாவைக் கொடுத்தார். வஹீதுக்கு நான் போன் செய்யவில்லை. முகமில்லை.

11-3-96, திங்கள்

புது மென்பொருள் வந்தாயிற்று. ஆய்வேட்டுக்குப் படம் வேண்டுமே, சமன்பாட்டில் 7/48 போட்டுக் கொடுத்தேன். வழவழவென்று கோடு வரைந்தது. யாரும் இல்லாதபோது 5/48 போட்டேன். அதையும் அவ்வளவு அழகாகவே வரைந்தது.

ஆய்வேட்டில் முதல் படத்தை ஒட்டினேன்.