இன்னும் மீன் விடாத தொட்டி

என் அன்பு மச்சானுக்கு,

நீங்கள் அடங்கியிருக்கிற கபுறுக்கு என் சலாம் போய்ச் சேரட்டும். நான் இன்னும் இத்தாவில்தான் இருக்கிறேன். புருஷனைப் பறிகொடுத்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாதே. அதனால் எழுதுகிறேன். நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தொட்டி என்ன மாதிரி என்றுதான் கேட்பீர்கள். என்னைப் பற்றிய விசாரிப்பு அதற்குப் பிறகுதான்.

தொட்டி இருக்கிறது. மீன் இன்னும் விடவில்லை.

கல்முனைக்குடி மீன் தின்னுகிற ஊர். இங்கே கடல்மீனை வீட்டுக்குள் வைத்துப் பார்க்க ஆசைப்பட்ட மனுஷன் எனக்குத் தெரிய நீங்கள் ஒருத்தர்தான். அதிலும், மீன் வாங்குவதற்கு முன்னால் ஓர் இறாலை வாங்கி வெறும் உப்புத் தண்ணீரில் போட்டு அழுகவிட்டீர்களே, அன்றைக்கு அடுத்த வீட்டு ராத்தா கேட்டது ஞாபகமா? "என்ன தம்பி, கண்ணாடிக்குள்ள இறால் ஆணம் ஆக்கப் போறீங்களா?"

நீங்கள் கோபிக்கவில்லை. அவரை உட்கார வைத்து விளக்கினீர்கள். இறால் அழுகினால் தண்ணீரில் நஞ்சு ஏறும். அந்த நஞ்சைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கல்லுக்குள் குடியேறும். அவை பெருகி நஞ்சு இறங்கின பிறகுதான் மீனுக்கு அங்கே உயிர் தங்கும் என்று. ராத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இப்ப கிருமிதான் வளக்கிறீங்க" என்று எழும்பிப் போய்விட்டார்.

கண்ணாடியில் மண்ணிறப் பாசி படர்ந்தபோது, தொட்டி உயிர்பிடிக்கிறது என்று உங்களுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! எனக்கோ அதைத் துடைக்கக் கை துறுதுறுத்தது. "தொடாத புள்ள, பொறு" என்றீர்கள். பொறுத்தேன். நீங்கள்தான் பொறுக்கவில்லை. அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ எடுக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்த இருப்பு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஏன் மச்சான் அவ்வளவு அவசரம்? அல்லாஹ்வின் நாட்டம், கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

உங்களுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கு உங்கள் உம்மா முதல் நாளே வந்துவிட்டார். வீடு கூட்டி, ஜன்னல் சீலையெல்லாம் கழுவினார். நான் உள்ளறையில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் தொட்டி பளிச்சென்று நிற்கிறது. தண்ணீர் இல்லை. பில்டர் பஞ்சு சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொடியில் காய்கிறது. கற்களைத் தேய்த்து வாளியில் போட்டிருக்கிறார்.

"நாலு பேர் வாற இடம் மகள். என்ட புள்ள ஊத்தத் தண்ணிய வச்சிட்டுப் போனான் எண்டு ஆரும் கதைக்கப்படாது" என்றார் மாமி.

நான் வாளிக்குள் கையை விட்டுக் கற்களைத் தொட்டுப் பார்த்தேன். என் தம்பி ரிஸ்வான்தான் வந்ததும் வராததுமாகப் போட்டு உடைத்தான். "என்ன மாமி செஞ்சீங்க? மச்சான் வளத்ததெல்லாம் அதுக்குள்ளதானே இருந்த."

மாமி வாளிக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டார். "அப்ப என்ட மகன் கடைசியா உண்டாக்கினத நானா ஊத்திட்டன்?" என்று கேட்டார். ரிஸ்வான் ஓடிப்போய்க் கரையில் மொண்ட கலங்கல் தண்ணீரைக் கொண்டுவந்து கற்களை அதில் போட்டு வைத்தான்.

கத்தம் முடிந்து போன மாமி பிறகு வரவில்லை. நம் பக்கத்தில் ஆம்பிளைதானே பெண்வீட்டுக்கு வாழ வருவது. மகனே போன பிறகு பெற்றவளுக்கு இங்கே என்ன உரிமை என்று நினைத்திருப்பார். ஆள் அனுப்பினால், "அங்க எனக்கென்ன வேலை இனி" என்று பதில் வரும். மச்சான், உங்களைப் பறிகொடுத்த கையோடு மாமியையும் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்லை. போய்க் கூட்டிவரவும் முடியாது. ஆகவே ஒரு வேலையை உண்டாக்கினேன். தொட்டிக்கு எந்தத் தண்ணீர் சரி என்று ரிஸ்வானுக்குத் தெரியவில்லை மாமி, நீங்கள்தான் எடுத்துத் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மாமி கேன்களோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். தோணிக்காரரிடம் சொல்லி வெளிக்கடலில் மொண்டுவந்த தண்ணீர். "கரைத் தண்ணி கலங்கல் எண்டு என்ட மகன் எடுக்க மாட்டானே" என்றார். இறாலும் இருந்தது. பொதியை அவிழ்த்தால், உங்கள் உம்மா அதை உரித்துக் கழுவி, உப்பும் மஞ்சளும் பிரட்டிக் கொண்டுவந்திருக்கிறார். உங்களை அடக்கின பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். மாமியும் சிரித்தார். சிரித்தபடியே அழுதார்.

கற்களைத் தொட்டிக்குள் திரும்ப வைத்து, அந்தத் தண்ணீரை நிரப்பி, வேறு இறால் வாங்கிப் போட்டோம். நீங்கள் செய்தது போலவே சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்துத் துளி விட்டுப் பார்ப்பேன். பச்சை என்றால் நஞ்சு, மஞ்சள் என்றால் இல்லை. முதலில் பச்சைதான். மாமி நாள் தவறாமல் வருவார், "இண்டைக்கு என்ன நிறம்?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார்.

புதுத் தொட்டியில் பச்சை வாரக் கணக்கில் நிற்கும் என்பீர்கள். முதல் தடவை அப்படித்தான் நின்றது. இந்த வெள்ளிக்கிழமை குழாயைத் தூக்கிப் பிடித்தேன். மஞ்சள். இவ்வளவு சீக்கிரம் வரக் கூடாதே என்று மறுபடியும் செய்தேன். மஞ்சள்தான்.

"மாமி, மேலால இருந்ததத்தான் நீங்க கழுவினீங்க. கல்லுக்கு உள்ள இருந்தது சாகல்ல. இது உங்கட மகன் வளத்ததுதான்" என்றேன்.

மாமி கதிரையை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். உள்ளே பார்க்க ஒன்றுமில்லை மச்சான், கல்லும் தண்ணீரும்தான். பொழுது பட்டு மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்னொரு நஞ்சும் இறங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதுவரை யார் கேட்டாலும் மீன் விட மாட்டேன். விடுகிற அன்றைக்கு முதல் மீனை உங்கள் உம்மாதான் விடுவார். அதற்குப் பிறகு ஒரு நாள் அவர் வராவிட்டால், இத்தா முடிந்த கையோடு நானே போய்க் கூட்டிவருவேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

மறுமையிலும் உங்கள் பொஞ்சாதியாகவே எழும்பக் கேட்கும்,
பரீனா