இடது தொட்டி காலியான நாள்

மார்ச் 3

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

ஆற்றுப் பாலம் இடிந்த வருஷம், என் மூத்தவன் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய வருஷம். அப்போதுதான் அந்தக் குட்டி விமானம் இறங்குகிற நேரத்தில் இஞ்சின் நின்றது. ஓட்டியவர் அண்ணன், கூடப் பிறக்காத அண்ணன். பக்கத்தில் அண்ணி. பின்சீட்டில் மெக்கானிக்கும், விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றுகிற நானும்.

அண்ணன் தவறிப்போய் வருஷம் திரும்பப்போகிறது. விமானப் பயிற்சி நிலையத்தில் அவர் படத்தை மாட்டுகிறார்களாம். இஞ்சினை உயிர்ப்பித்த கை என்று கீழே எழுதுவார்களாம். நான் பேச வேண்டுமாம்.

மார்ச் 4

அந்தக் கை அண்ணனுடையது இல்லையே!

அன்று காலையிலிருந்து அண்ணனுக்கும் அண்ணிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. என்ன சண்டையோ. இரண்டு இறக்கையிலும் ஒவ்வொரு பெட்ரோல் தொட்டி, ஒன்று தீரும் முன் பிடியைத் திருப்பி மற்றதற்கு மாற்ற வேண்டும். அந்த நேரத்தை எப்போதும் அண்ணிதான் சொல்வார். அன்று சொல்லவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிறது — இடது தொட்டி காலி. இஞ்சின் இருமியது, அடங்கியது. காற்றுச் சத்தம் மட்டும். அண்ணிதான் குனிந்து பிடியை வலது தொட்டிக்குத் திருப்பினார், இஞ்சின் மறுபடி பிடித்துக்கொண்டது. நான் பார்த்தேன். விசாரணையில் அண்ணியோ "அவர்தான் திருப்பினார்" என்று சொல்லிவிட்டார். எங்களை யார் கேட்டார்கள்?

மார்ச் 5

அண்ணியைப் பார்க்கப் போகலாமா, வேண்டாமா?

மார்ச் 6

போனேன். உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். காப்பியை நங்கென்று வைத்தார் அண்ணி.

"என் கையப் பாத்தே, சரி. அவர் கை எங்க இருந்துச்சுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. என்ன கண்ணோ எனக்கு.

"ஒரு கைல விமானத்து மூக்கத் தாழ்த்திப் பிடிச்சிருந்தார். பயந்து தூக்கியிருந்தா அங்கேயே விழுந்திருப்போம். இன்னொரு கை இஞ்சின் வேகத்தக் கூட்டுற த்ராட்டில்ல. தொட்டிய மாத்த மூணாவது கை வேணும், அது என்னுது. கண்ணால காட்டினார், திருப்பினேன். பேச்சுதான் இல்ல தம்பி, மத்ததெல்லாம் இருந்துச்சு."

மருமகள் பேனாவை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சுகிறாள். எழுதும்மா.

மார்ச் 9

நிலையத்தில் அதை அப்படியே சொன்னேன். அவர்கள் எழுதவிருந்த வரியை எடுத்துவிட்டு, நான் கொண்டுபோன, அன்று விமானத்தில் ஏறும் முன் எடுத்த படத்தை மாட்டினார்கள். அண்ணன் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம், ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"வேற படமே கெடைக்கலையா உனக்கு?" என்றார் அண்ணி. ஆனால் அதன் முன்னாலிருந்து நகரவே இல்லை.

அந்த நாலு பேரில் மெக்கானிக் முதலில் போய்ச் சேர்ந்தான், பிறகு அண்ணன். நான் கணக்கில் வரமாட்டேன், பின்சீட்டில் நடுங்கிக்கொண்டிருந்தவன். விமானத்தை இறக்கியவர்களில் இன்றைக்கும் இருப்பது அண்ணி மட்டும்.