பொங்கவிடாத பானை

வைகாசி, வெள்ளிக்கிழமை இரவு.

இன்று காஸ் குழாய் புதைக்க எங்கள் குளக்கட்டை வெட்ட வந்தார்கள். கட்டுப் போனால் வயலுக்குத் தண்ணீர் இல்லை. மண் வெட்டும் பெக்கோ மெசின் கட்டில் ஏறும் இடத்திலேயே அடுப்பு மூட்டிப் பிள்ளையாருக்குப் பொங்கல் பானை வைத்தேன்.

குழாய் வேலையைக் கொண்டுவந்த அமைச்சரின் ஆள் வந்து, "அம்மா, பானையை இறக்குங்கோ" என்றான்.

"பொங்க முதல் இறக்கக்கூடாது தம்பி. வேணுமெண்டால் நீங்கள் இறக்குங்கோ."

அவன் கை வைக்கவில்லை. மெசின்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நான் விறகை வெளியே இழுத்து இழுத்து நெருப்பைக் குறைத்து, பானையைப் பொங்கவே விடவில்லை. பின்னேரம் மெசினைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பிறகுதான் பொங்கவிட்டேன். ஊரே சாப்பிட்டது.

நாளைக்கும் வருவார்களாம். பக்கத்து வீட்டு ரதி, "வரட்டும் மாமி. நாளைக்கு என்ர பொங்கல்" என்கிறாள். அவளுடைய பானை என்னுடையதைவிடப் பெரிது.