யாழினி கேட்ட தோட்டப் படிப்பு

திங்கள், 6

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. ரத்தத்தில் சர்க்கரை 9.1. நேற்றுத் தின்ற கேசரி.

பேத்தி யாழினி வெள்ளிக்கிழமைக்குள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் அனுப்பியாக வேண்டும். என்னென்ன படிக்க ஆசை என்று வரிசையாகப் போட வேண்டுமாம். முதலில் போடுவதுதான் முக்கியமாம். கணக்கியல் போடு என்கிறான் என் மகன் முரளி. லோரி ஓட்டி ஓட்டி இடுப்பு போனவன். "ஏர்கோன் ரூம்ல உக்காந்து சம்பாதிக்கட்டும்மா."

அவள் கேட்பது வேறு. தோட்ட நிர்வாகம். செம்பனைத் தோட்டத்தை நடத்துகிற படிப்பு. கேட்டதும் கையிலிருந்த டீ கொட்டிவிட்டது.

"தோட்டத்த விட்டு வரத்தான் நாங்க இந்தப் பாடு பட்டோம். நீ படிச்சிட்டு அங்கயே போறியா?"

"நான் குலை வெட்டவா போறேன் பாட்டி? மேனேஜரா போறேன் லா!"

முரளி நைசாக என் தலையில் கட்டிவிட்டான். "அம்மா சரின்னா எனக்கும் சரி."

செவ்வாய், 7

வெயில். வாங்க: சின்ன வெங்காயம், நெத்திலி, முட்டிவலி எண்ணெய்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து நாத்தனார் சரோஜா போன். என் கல்யாணப் பந்தியிலேயே பாயசம் தண்ணி என்று சொன்னவள். "இன்ஜினியருக்குப் போடச் சொல்லுங்க அண்ணி." இவள் பேரன் இன்ஜினியர்தான். முதுகில் சாப்பாட்டுப் பையோடு மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போகிறான்.

"உன் பேரன் இப்ப எந்த ஆபீஸ்ல இருக்கான் சரோஜா?"

உடனே அவளுக்கு லைன் சரியில்லை. எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். அப்புறம் பயம். இன்ஜினியருக்கே இந்த கதி என்றால் கணக்குக்கு? தோட்டத்துக்கு? யாரைக் கேட்பது?

சின்ன வயதில் ஜெஞ்சாரோம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. திருவிழாவுக்கு முந்தின புதன்கிழமை தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, பெரிய கிராணி, அப்பாவிடம் சொன்னார்: "இதுக்கு மேல படிச்சா பால்மரம் வெட்ட யாருடா வருவா?" வியாழக்கிழமை என் கையில் வாளி. அந்தக் கிராணி செத்துப் பல வருஷம். நான் மன்னிக்கவில்லை.

புதன், 8

தூறல். தோட்டப் படிப்பு சரியா என்று கோயிலில் அம்மனிடம் பூ கேட்டுவிடலாம் என்றேன். எங்கள் வழக்கம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பது. சிவப்பு வந்தால் சரி. வெள்ளை வந்தால் வேண்டாம்.

எழுதவே கூச்சம். இரண்டிலும் வெள்ளை வைத்தேன்.

யாழினிதான் எடுத்தாள், நெடுநேரம் கும்பிட்டுவிட்டு. பிரித்தால் நந்தியாவட்டை. "சரி பாட்டி." அவ்வளவுதான். சண்டையாவது போட்டிருக்கலாம். மற்றப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கணக்கியலை முதலில் போட்டாள். அனுப்பவில்லை, இன்னொரு தரம் சரிபார்க்க வேண்டுமாம். முரளி சந்தோஷத்தில் சத்தே வாங்கி வந்தான், குச்சியில் செருகிச் சுட்ட கோழி. அவள் தொடவில்லை. நான் ஆறு குச்சி.

வியாழன், 9

சர்க்கரை 11. சத்தே.

"தோசை ஊத்தவா?" "வேணாம் பாட்டி." இன்று முழுக்க அவள் பேசியது அதுதான்.

கணக்கெல்லாம் இனிமேல் கம்ப்யூட்டரே போட்டுவிடுமாம், முரளியின் கூட்டாளி சொல்கிறான். சரி, தோட்டம் என்றால்? அந்தக் காட்டில் ஒரு பெண்பிள்ளை தனியாக. பாம்பு. ஆம்பிளை ஆட்கள் இவள் பேச்சைக் கேட்பார்களா? நாலு வருஷம் கழித்து வேலை இருக்குமா? ஒன்றும் விளங்கவில்லை.

பொட்டலத்துப் பூ வாடிவிட்டது. எறியக் கை வரவில்லை. கிராணியாவது அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னார். நான் பழியைச் சாமி பேரில் போட்டேன்.

வெள்ளி, 10

மேகமூட்டம். முட்டிவலி. சாயங்காலம் ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடிவிடுமாம். மூன்று மணிக்குப் பொட்டலத்தைக் கொண்டுபோய் அவள் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தேன். பிரித்தாள்.

"இதுவும் வெள்ளையா?"

"ஆமா."

"பாட்டி! சாமிகிட்டயே ஏமாத்து வேலையா?"

சிரித்தாள். அப்புறம் அழுதாள். மூக்கை என் சேலையில் துடைத்தாள், சின்னதில் துடைத்த மாதிரியே.

"இப்ப நான் என்ன போடட்டும்?"

"என்னைக் கேக்காத. எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா வேணாம்னு சொன்னது அம்மன் இல்ல. நான்."

தோட்டம் மேலே, கணக்கு கீழே. அனுப்பியாயிற்று. முரளி லோரியை விட்டுவிட்டு வர ஏழு மணி ஆகும். அவனிடம் நான்தான் சொல்ல வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. மீன் குழம்பு வைத்திருக்கிறேன்.

"மேனேஜருக்குப் பங்களா குடுப்பாங்க பாட்டி. நீயும் வந்து என்னோட இருக்கணும்."

ம் என்றேன். எங்கள் தோட்டத்து மேனேஜர் பங்களாவில்தான் அம்மா பாத்திரம் கழுவினாள், நானும் கூடப் போவேன். அடுப்படி வாசல், கோழிக்கூண்டு, துணி காயப்போடும் கம்பி, எல்லாம் கண் முன்னே நிற்கிறது. முன்வாசல் எந்தப் பக்கம் என்று மட்டும் எனக்குத் தெரியாது.